எக்ஸ்பிஎஸ் நிறமாலையின் இயற்பியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ் கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலையியலைச் சுருக்கமாக எக்ஸ்பிஎஸ் என்கிறோம். ஒரு பொருளின் மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் எந்த வேதி நிலையில் இருக்கின்றன என்று சொல்லும் முறை இது. வேதியியல், பொருளறிவியல் ஆய்வு மாணவர்களில் பலர் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, வந்த நிறமாலையை அட்டவணையோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு பெயர் எழுதிவிடுகிறார்கள். அட்டவணை தேவைதான். ஆனால் முகடு எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் அதற்குப் பெயர் வைக்கும்போதுதான் தவறான முடிவுகள் கட்டுரைகளுக்குள் நுழைகின்றன. எக்ஸ்பிஎஸ் பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு ஆற்றல் கணக்கிலிருந்து விடை சொல்லிவிடலாம்.

எக்ஸ்பிஎஸ் கருவி உண்மையில் எதை அளக்கிறது?

எலக்ட்ரானின் இயக்க ஆற்றலை. நிறமாலையின் கிடை அச்சில் பிணைப்பு ஆற்றல் என்று அச்சாகியிருந்தாலும், கருவி அதை நேரடியாகப் பார்ப்பதில்லை. அது கணக்கிட்டுப் பெற்ற எண்.

அடிப்படை ஒளிமின் விளைவுதான். 1887-ல் ஹெர்ட்ஸ் கண்டது. 1905-ல் ஐன்ஸ்டைன் விளக்கியது. ஒரு ஃபோட்டான் தன் ஆற்றல் முழுவதையும் ஒரே எலக்ட்ரானுக்குக் கொடுத்துவிட்டு மறைகிறது. எலக்ட்ரான் அதில் ஒரு பகுதியை அணுவிலிருந்து விடுபடச் செலவிடுகிறது, மீதியோடு பறக்கிறது. எனவே:

பிணைப்பு ஆற்றல் = ஃபோட்டான் ஆற்றல் − இயக்க ஆற்றல் − வெளியேற்று ஆற்றல்

ஒரு சிலிக்கன் தகட்டை எடுத்துக்கொள்வோம். அலுமினியம் மூலத்தின் ஃபோட்டான் ஆற்றல் 1486.6 எலக்ட்ரான் வோல்ட். கருவியின் வெளியேற்று ஆற்றல் (ஒரு பரப்பை விட்டு எலக்ட்ரான் வெளியேறத் தேவையான குறைந்த ஆற்றல்) 4.5 என்று வைத்துக்கொள்வோம். 1382.8 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முகடு வந்தால், பிணைப்பு ஆற்றல் 99.3. இது தனிம நிலையில் உள்ள சிலிக்கனின் 2பி என்ற உள் ஆர்பிட்டாலின் எலக்ட்ரான். அதே நிறமாலையில் 1378.8 அருகே இன்னொரு சிறு முகடு தெரியும். அதன் பிணைப்பு ஆற்றல் 103.3, அது தகட்டின் மேல் தானாகப் படர்ந்த சிலிக்கன் டை ஆக்ஸைடு. இந்த இரண்டு முகடுகளும் கீழே திரும்பத் திரும்ப வரும்.

கதிரின் செறிவைக் கூட்டினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடும். முகட்டின் இடம் மாறாது.

மூலமாக ஏன் அலுமினியமும் மக்னீசியமும்? எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பை அறியும் முறை) கருவியில் இருக்கும் தாமிரம் போதாதா?

ஃபோட்டான்களின் ஆற்றலில் எவ்வளவு சிதறல் இருக்கிறதோ அது அப்படியே எலக்ட்ரான்களின் ஆற்றலுக்கும் வந்து சேரும். ஒன்றிரண்டு எலக்ட்ரான் வோல்ட் வேறுபாட்டை வைத்து வேதி நிலையைப் பிரிக்கப் போகிறவருக்கு மூலத்தின் கோடு அதைவிட மெல்லியதாக இருந்தாக வேண்டும். அலுமினியத்தின் கே-ஆல்ஃபா கோட்டின் அகலம் சுமார் 0.85, மக்னீசியத்துக்கு (1253.6 எலக்ட்ரான் வோல்ட்) சுமார் 0.7. தாமிரத்தின் கே-ஆல்ஃபா கோடோ 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் அகலமானது. போதாக்குறைக்கு அது 20 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. படிகத் தளங்களின் இடைவெளியை அளக்க அது போதும். இந்த வேலைக்கு உதவாது.

இன்றைய கருவிகளில் அலுமினியக் கதிரை வளைந்த குவார்ட்ஸ் படிகங்களில் பட்டுத் தெறிக்கச் செய்து, கோட்டை 0.3 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு மெலிய வைக்கிறார்கள்.

சமன்பாட்டில் வரும் வெளியேற்று ஆற்றல் மாதிரியினுடையதா, கருவியினுடையதா?

கருவியினுடையது. பாடப்புத்தகத்தில் ஒளிமின் விளைவைப் படித்தவர்கள் மாதிரியினுடையது என்றே நினைப்பார்கள். நியாயமான எண்ணம்தான், ஆனால் இங்கே பொருந்தாது.

மாதிரி மின்கடத்தியாக இருந்தால், அதையும் கருவியையும் மின்தொடர்பில் வைத்துத் தரையிடுகிறோம். அப்போது இரண்டின் ஃபெர்மி மட்டங்களும் (உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் மேல் எல்லை) ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. ஆனால் இரண்டின் வெளியேற்று ஆற்றல்களும் வேறு வேறு. ஆகவே மாதிரியின் மேற்பரப்புக்கும் கருவியின் நுழைவாயிலுக்கும் இடையே ஒரு சிறு மின்னழுத்த வேறுபாடு தானாக உண்டாகிறது. மாதிரியை விட்டு வெளியேறிய எலக்ட்ரான் அந்த இடைவெளியைக் கடக்கும்போது அதன் வேகம் சற்றுக் கூடும், அல்லது குறையும். அந்த மாற்றம் மாதிரியின் வெளியேற்று ஆற்றலைச் சரியாக ஈடுசெய்து, கருவியினுடையதை அதன் இடத்தில் வைத்துவிடுகிறது.

நடைமுறையில் இது பெரிய வசதி. மாதிரி மாறினாலும் சமன்பாட்டின் மாறிலி மாறுவதில்லை. தூய தங்கம் (4எஃப் 7/2, 84.0), வெள்ளி (3டி 5/2, 368.2), தாமிரம் (2பி 3/2, 932.6) ஆகியவற்றை வைத்து ஒரு முறை அளவுதிருத்தம் செய்துவிட்டால் எல்லா உலோக மாதிரிகளுக்கும் அது செல்லும். மின்கடத்தாப் பொருள்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

எக்ஸ் கதிர் உள்ளே ஆழமாக ஊடுருவுகிறதே. பிறகு ஏன் எக்ஸ்பிஎஸ் மேற்பரப்பை மட்டும் காட்டுகிறது?

இந்த முறையின் உயிரே இந்தக் கேள்வியில் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கதிர் சிலிக்கனுக்குள் பல மைக்ரோமீட்டர் ஆழம் வரை போகிறது. அந்த ஆழம் முழுவதிலும் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. ஆனால் விடுபட்டவை எல்லாம் நமக்குப் பயன்படுவதில்லை. முகட்டில் சேர வேண்டுமானால் எலக்ட்ரான் வழியில் எங்கும் ஆற்றலை இழக்காமல் வெளியே வர வேண்டும். ஒரே ஒரு மீட்சியற்ற மோதல் நடந்தாலும் மேலே எழுதிய சமன்பாடு அந்த எலக்ட்ரானுக்குப் பொருந்தாது. அது எங்கிருந்து கிளம்பியது என்ற தகவல் அழிந்துவிடுகிறது.

இரண்டு மீட்சியற்ற மோதல்களுக்கு இடையே எலக்ட்ரான் கடக்கும் சராசரி மோதலிடைத்தூரம், நாம் அளக்கும் ஆற்றல்களில், பெரும்பாலான பொருள்களுக்கு 1 முதல் 3 நானோமீட்டர்தான். ஆழம் கூடக் கூடத் தப்பிவரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அடுக்குக்குறி விதிப்படி சரிகிறது. முகட்டின் பரப்பில் 63 சதவீதம், மேலிருந்து ஒரு மோதலிடைத்தூர ஆழத்துக்குள்ளிருந்தே வந்துவிடும். மூன்று மடங்கு ஆழத்துக்குள் 95 சதவீதம் அடங்கிவிடும். எக்ஸ்பிஎஸ் 10 நானோமீட்டர் வரை பார்க்கும் என்று சொல்வதன் பொருள் இதுதான். பத்தாவது நானோமீட்டரும் முதல் நானோமீட்டரும் ஒரே எடையோடு பதிவாகின்றன என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிலிக்கன் தகட்டில் இதை அளந்தே பார்க்கலாம். மேலே உள்ள ஆக்ஸைடு தடிக்கத் தடிக்க 103.3 முகடு வளரும். அடியில் உள்ள சிலிக்கனின் 99.3 முகடு தேயும். தகட்டை நேர்மேலிருந்து பார்க்கும்போது ஆக்ஸைடு முகட்டின் பரப்பு சிலிக்கன் முகட்டில் பாதியாக இருந்தால் ஆக்ஸைடின் தடிமன் ஏறத்தாழ 1.5 நானோமீட்டர். சில அணு அடுக்குகளே கொண்ட ஒரு படலத்தை அதன் மீது விரல்கூடப் படாமல் அளந்துவிடுகிறோம். தகட்டை 60 பாகை சாய்த்தால் எலக்ட்ரான் வெளியே வர இரு மடங்கு தூரம் கடக்க வேண்டும். அதாவது பார்க்கும் ஆழம் பாதியாகக் குறையும், ஆக்ஸைடு முகடு இன்னும் ஓங்கும். எது மேலே, எது அடியில் என்ற ஐயம் வந்தால் இந்தச் சாய்வுச் சோதனையே தீர்த்துவைக்கும்.

ஒவ்வொரு முகட்டுக்குப் பின்னும் பின்னணி ஏன் ஒரு படி உயர்ந்து நிற்கிறது?

வழியில் ஆற்றலை இழந்த எலக்ட்ரான்கள்தான் அந்தப் படி. இழந்த ஆற்றல் கணக்கில் பிணைப்பு ஆற்றலாகச் சேர்ந்துவிடுவதால், அவை முகட்டின் உயர் பிணைப்பு ஆற்றல் பக்கத்தில் போய் விழுகின்றன. அலுமினியம் போன்ற உலோகங்களில் இழப்பு குறிப்பிட்ட அளவுகளில் நடக்கிறது. எலக்ட்ரான் கடலை ஒட்டுமொத்தமாக அதிரவைக்க ஒவ்வொரு முறையும் சுமார் 15 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். அதனால் முதன்மை முகட்டுக்குப் பின்னால் சம இடைவெளியில் சிறு மேடுகள் வரிசையாக நிற்கும். அவற்றைப் புதிய சேர்மம் என்று எழுதிவிடக் கூடாது.

ஆற்றலை இழந்த எலக்ட்ரானுக்கும் இழக்காததற்கும் உள்ள வேறுபாட்டில்தான் எக்ஸ்பிஎஸ் வரலாறே தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எக்ஸ் கதிரால் வெளியேறும் எலக்ட்ரான்களை அளந்தவர்கள் உண்டு. அவர்களின் பதிவில் அகலமான பட்டைகளே தெரிந்தன. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கை சீக்பான், அணுக்கருவிலிருந்து வரும் பீட்டா கதிர்களை அளக்கும் நுட்பத்தை இதற்குக் கொண்டுவந்தார். 1950களில் அவருடைய குழுவின் பதிவுகளில் பட்டையின் விளிம்பிலிருந்து பிரிந்து ஒரு கூரிய கோடு தனியே நின்றது. எதையும் இழக்காத எலக்ட்ரான்கள் அங்கேதான் இருந்தன. 1981-ல் சீக்பானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ் கதிர் நிறமாலையியலுக்காக 1924-க்கான பரிசைப் பெற்ற மன்னே சீக்பான் அவருடைய தந்தை.

அவ்வளவு உயர்ந்த வெற்றிடம் எதற்கு?

இரண்டு காரணங்கள். எலக்ட்ரான் மாதிரியிலிருந்து பகுப்பான் (அதன் ஆற்றலை அளக்கும் பகுதி) வரை வாயு மூலக்கூறுகளில் மோதாமல் வர வேண்டும்; இதற்குச் சுமாரான வெற்றிடமே போதும். இன்னும் கடுமையான தேவை மேற்பரப்பின் தூய்மை. 10⁻⁶ டார் அழுத்தத்தில், மோதும் மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டால், சில விநாடிகளுக்குள் ஓர் அடுக்கு படிந்துவிடும். 10⁻⁹ டாரில் அதற்கு ஆயிரம் மடங்கு நேரம் பிடிக்கும். மேலே உள்ள சில நானோமீட்டரை மட்டும் பார்க்கும் முறையில், ஓர் அடுக்கு அழுக்கு என்பது சிறிய விஷயம் அல்ல.

ஹைட்ரஜன் ஏன் தெரிவதில்லை?

அதனிடம் உள் எலக்ட்ரானே இல்லை. இருக்கும் ஒன்றும் வேதிப் பிணைப்பில் ஈடுபட்டிருக்கிறது. தவிர, இந்த ஆற்றல் கொண்ட ஃபோட்டானால் அந்த எலக்ட்ரான் வெளியேற்றப்படும் வாய்ப்பு, கார்பனின் 1எஸ் எலக்ட்ரானோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. ஹீலியத்துக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். லித்தியத்திலிருந்து மேலே உள்ளவற்றைப் பார்க்கலாம்.

வேதி நகர்வு எப்படி உண்டாகிறது? உள் எலக்ட்ரான் பிணைப்பில் ஈடுபடுவதே இல்லையே?

ஈடுபடுவதில்லை என்பது சரி. ஆனால் பிணைப்பில் ஈடுபடும் வெளி எலக்ட்ரான்களின் மேகத்துக்கு உள்ளேதான் அது குடியிருக்கிறது. மின்னூட்டம் பெற்ற கோளக்கூடு ஒன்றின் உள்ளே மின்னழுத்தம் எங்கும் ஒரே அளவு என்று பள்ளியில் படித்திருப்போம். வெளி எலக்ட்ரான்களை அப்படி ஒரு கூடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன் போன்ற கவர்தன்மை மிகுந்த அணு பக்கத்தில் வந்து அந்தக் கூட்டிலிருந்து கொஞ்சம் மின்னூட்டத்தை இழுத்துக்கொண்டால், உள்ளே எதிர் மின்னூட்டத்தின் தள்ளுவிசை விளைவு குறைகிறது. உட்கரு உள் எலக்ட்ரானை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. பிணைப்பு ஆற்றல் ஏறுகிறது. சிலிக்கனின் 99.3 முகடு ஆக்ஸைடில் 103.3-க்குப் போவது இதனால்தான். நான்கு ஆக்ஸிஜன்கள் சூழ நிற்கும் சிலிக்கன் நான்கு எலக்ட்ரான் வோல்ட் நகர்ந்திருக்கிறது. அண்டை அணுக்கள் உண்டாக்கும் மின்புலம் இதற்கு எதிர்த்திசையில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். அதனால்தான் நகர்வுகள் எதிர்பார்ப்பதைவிடச் சிறியனவாகவே இருக்கின்றன.

உப்சாலா குழு இதைத் தெளிவாகக் காட்டிய சேர்மம் சோடியம் தயோசல்ஃபேட். புகைப்படச் சுருளைக் கழுவும் 'ஹைப்போ' அதுதான். அதில் இரண்டு கந்தக அணுக்கள்: ஒன்று நடுவில் ஆக்ஸிஜன்களுக்கு இடையே, இன்னொன்று ஓரத்தில். தனிமம் ஒன்றே, ஆனால் பதிவில் நன்றாக விலகி நின்ற இரண்டு கோடுகள் வந்தன.

கையில் கிடைக்கும் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கே போதும். அதன் ஓர் அலகில் பத்து கார்பன்கள். ஆறு பென்சீன் வளையத்தில். இரண்டு ஒற்றை ஆக்ஸிஜனோடு. இரண்டு எஸ்டர் தொகுதியில் இரண்டு ஆக்ஸிஜன்களோடு. கார்பன் 1எஸ் நிறமாலையில் 285, 286.5, 289 அருகே மூன்று முகடுகள், 3:1:1 என்ற விகிதத்தில் வந்து நிற்கும். மூலக்கூறின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த நிறமாலையைப் பார்ப்பதைப் போல நல்ல முதல் பாடம் எக்ஸ்பிஎஸ்ஸில் வேறு இல்லை என்பேன்.

ஒரே ஆர்பிட்டாலுக்கு இரண்டு முகடுகள் வருகின்றன. இரண்டு வேதி நிலைகளா?

அவசரப்பட வேண்டாம். பி, டி, எஃப் ஆர்பிட்டால்களிலிருந்து ஓர் எலக்ட்ரான் போனபின் எஞ்சும் வெற்றிடத்தின் (அந்த எலக்ட்ரானின் காலியிடம்; காற்றில்லா வெற்றிடம் அல்ல) தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் இருவகையாக இணையலாம். அவற்றின் ஆற்றல்கள் வேறு வேறு. ஆகவே இரட்டை முகடு. எஸ் ஆர்பிட்டாலுக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் இல்லை. அதனால் ஒற்றை முகடுதான்.

பரப்புகளின் விகிதம் இயற்கை வகுத்தது: பி-க்கு 1:2, டி-க்கு 2:3, எஃப்-க்கு 3:4. இடைவெளியும் தனிமத்துக்குத் தனிமம் ஏறக்குறைய நிலையானது. தங்கத்தின் 4எஃப்-க்குச் சுமார் 3.7, வெள்ளியின் 3டி-க்கு 6.0 எலக்ட்ரான் வோல்ட். மென்பொருளில் முகடுகளைப் பொருத்தும்போது இந்த விகிதத்தையும் இடைவெளியையும் பூட்டிவிட்டுத் தொடங்குவதுதான் முறை. அவற்றைத் தளர விட்டு, வளைவு அழகாகப் பொருந்திவிட்டது என்று காட்டும் படங்களை என்னால் சான்றாக ஏற்க முடியாது. அகலத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். டைட்டானியத்தின் 2பி 1/2 முகடு அதன் இணையைவிட அகலமாக இருப்பதற்கு உண்மையான இயற்பியல் காரணம் உண்டு: அந்த வெற்றிடம் மிகக் குறைந்த நேரமே நீடிக்கிறது.

மூலத்தை மாற்றினால் சில முகடுகள் இடம் மாறிவிடுகின்றன. ஏன்?

அவை ஓஷே எலக்ட்ரான்கள். உள் எலக்ட்ரான் போன வெற்றிடத்தை மேல்மட்ட எலக்ட்ரான் ஒன்று வந்து நிரப்புகிறது. அப்போது மிஞ்சும் ஆற்றலை இன்னொரு எலக்ட்ரான் எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதன் இயக்க ஆற்றலை அணுவின் மட்டங்களே தீர்மானிக்கின்றன. எந்த ஃபோட்டான் முதலில் வந்தது என்பதற்கு அதில் பங்கில்லை. நாம் எல்லாவற்றையும் ஃபோட்டான் ஆற்றலிலிருந்து கழித்துப் பிணைப்பு ஆற்றல் அச்சில் வரைவதால், அலுமினியத்திலிருந்து மக்னீசியத்துக்கு மாறும்போது இவை மட்டும் 233 எலக்ட்ரான் வோல்ட் நகர்ந்ததாகத் தோன்றும். ஓஷே முகடு ஒளிஎலக்ட்ரான் முகட்டை மறைத்தால், மூலத்தை மாற்றிப் பிரித்துவிடலாம்.

பிணைப்பு ஆற்றல் என்பது அந்த ஆர்பிட்டாலின் ஆற்றலேதானா?

முதல் தோராயத்துக்கு ஆம். கூப்மன்ஸ் தேற்றம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தத் தேற்றம் ஓர் எலக்ட்ரான் போனபின் மற்றவை அசையாமல் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அவை வெற்றிடத்தை நோக்கிச் சுருங்குகின்றன. அதில் விடுபடும் ஆற்றல் வெளியேறும் எலக்ட்ரானுக்குப் போய்ச்சேருகிறது. கார்பன் போன்ற லேசான அணுவின் 1எஸ் மட்டத்தில் இந்தத் திருத்தம் 10 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். அளக்கப்படுவது தொடக்க நிலைக்கும் இறுதி நிலைக்கும் இடையே உள்ள வேறுபாடு.

தாமிரத்தில் இறுதி நிலையின் கைவரிசையைக் கண்ணால் பார்க்கலாம். தாமிர உலோகத்துக்கும் குப்ரஸ் ஆக்ஸைடுக்கும் 2பி 3/2 முகடு ஏறக்குறைய ஒரே இடத்தில், 932.5 அருகே வருகிறது. குப்ரிக் ஆக்ஸைடில் முகடு 933.6 அருகே நகர்வதோடு, 940-க்கும் 945-க்கும் இடையே ஒரு துணை முகடும் எழுகிறது. அதன் 3டி மட்டத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதே காரணம். உள்ளே வெற்றிடம் உண்டானதும் ஆக்ஸிஜனிலிருந்து ஓர் எலக்ட்ரான் அந்தக் காலியிடத்துக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். வந்த நிலைக்கு ஒரு முகடு, வராத நிலைக்கு இன்னொன்று. 3டி நிரம்பிய மற்ற இரண்டிலும் இதற்கு இடமில்லை. அவை இரண்டையும் பிரித்தறிய ஓஷே முகட்டைத்தான் பார்க்க வேண்டும்: உலோகத்தில் அதன் இயக்க ஆற்றல் 918.6 அருகே, குப்ரஸ் ஆக்ஸைடில் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட் குறைவு. 2பி முகட்டை மட்டும் காட்டி உலோகத் தாமிரம் உருவாகிவிட்டது என்று அறிவிக்கும் கட்டுரையை நம்ப வேண்டாம்.

முகட்டின் பரப்பை வைத்து அணுச் சதவீதம் சொல்ல முடியுமா?

முடியும், உணர்திறன் காரணியால் வகுத்த பிறகு. ஃபோட்டானால் வெளியேற்றப்படும் வாய்ப்பு ஆர்பிட்டாலுக்கு ஆர்பிட்டால் மாறுகிறது. 1976-ல் ஸ்கோஃபீல்ட் கணக்கிட்ட அட்டவணையில் கார்பன் 1எஸ் 1.00 என்றால் ஆக்ஸிஜன் 1எஸ் 2.93, ஃபுளூரின் 1எஸ் 4.43. பெட் பிளாஸ்டிக்கில் கார்பன் 71.4, ஆக்ஸிஜன் 28.6 சதவீதம் வர வேண்டும். உங்கள் கருவி அதைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். இந்தக் கணக்கு மாதிரி ஆழவாக்கில் ஒரே சீராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. அடுக்கடுக்கான மாதிரிக்கு அந்தச் சதவீதங்களை அப்படியே எழுதினால் பொருள் இருக்காது.

மின்கடத்தா மாதிரியில் கார்பனை 284.8-ல் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?

எலக்ட்ரான்கள் வெளியேற வெளியேற மின்கடத்தா மாதிரி நேர் மின்னூட்டம் பெறுகிறது. அது பின்வரும் எலக்ட்ரான்களைப் பின்னிழுப்பதால் முகடுகள் எல்லாம் உயர் பிணைப்பு ஆற்றல் பக்கம் நகர்கின்றன. குறைந்த ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்களை மாதிரியின் மேல் பொழிந்து ஈடுசெய்கிறார்கள். ஈடு துல்லியமாக அமைவதில்லை. எனவே அச்சை நகர்த்தி நிறுத்த ஒரு அடையாளக்கல் தேவைப்படுகிறது. காற்றுப்பட்ட எந்தப் பரப்பிலும் படியும் ஹைட்ரோகார்பன் படலத்தின் கார்பன் 1எஸ் முகட்டை 284.8-ல் வைப்பது வழக்கமானது.

வழக்கம் என்பதாலேயே அது இயற்பியல் ஆகிவிடாது. சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெசின்ஸ்கியும் ஹல்ட்மனும், மின்கடத்தும் பல படலங்களில் இந்தக் கார்பன் முகட்டை ஃபெர்மி மட்டத்திலிருந்து அளந்தார்கள். அது 284-க்கும் 286.7-க்கும் இடையே அலைந்தது. அதோடு அந்தந்தப் படலத்தின் வெளியேற்று ஆற்றலைக் கூட்டியபோது மட்டும் ஏறத்தாழ 289.6 என்ற ஒரே எண் வந்தது. தளர்வாக ஒட்டியிருக்கும் கார்பன் படலம் அடியில் உள்ள பொருளின் ஃபெர்மி மட்டத்தோடு இணையாமல், வெற்றிட மட்டத்தோடு (பொருளை விட்டு வெளியேறிய எலக்ட்ரான் ஓய்வில் நிற்கும் ஆற்றல்) இணைந்து நிற்கிறது என்று அவர்கள் 2017-ல் எழுதினார்கள். அப்படியானால் 284.8 என்று எல்லா மாதிரிகளுக்கும் ஒரே எண்ணை வைப்பது, ஒன்றிரண்டு எலக்ட்ரான் வோல்ட் பிழையை நாமே உள்ளே கொண்டுவருவதாகும். பல வேதி நகர்வுகளின் அளவே அவ்வளவுதான்.

ஆகவே மின்கடத்தா மாதிரியில் தனி எண் ஒன்றின்மேல் முடிவைக் கட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. ஒரே மாதிரியின் இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி, சீரான மின்னூட்ட நகர்வால் பாதிக்கப்படாது. ஓஷே முகட்டின் இயக்க ஆற்றலையும் அதே தனிமத்தின் ஒளிஎலக்ட்ரான் பிணைப்பு ஆற்றலையும் கூட்டிப் பெறும் ஓஷே அளவுருவிலும் நகர்வு அடிபட்டுப் போகிறது: ஒன்றில் கூடுவது மற்றதில் குறைந்துவிடும். கார்பனைத்தான் அடையாளமாக வைத்தீர்கள் என்றால், திருத்துவதற்கு முன் அது எந்த எண்ணில் இருந்தது, எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதையும் கட்டுரையில் எழுதிவிடுங்கள். வேறு ஆய்வகத்தில் அதே பொருளை அளப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த இரண்டு எண்கள்தான்.